ஓந்தோ ஆற்றங்கரையில் பன்னிரண்டு புகைகள்

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு வானொலி நோல்ஃபா ஒயார்சூனைப் பெயர் சொல்லி அழைத்தது. "ஓந்தோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நோல்ஃபா ஒயார்சூனுக்கு: டோன் ரொசமேல் மிகவும் கவலைக்கிடம். வெள்ளிக்கிழமை காலை வண்டி துறைக்கு வரும். பெரிய படகோடு வரவும்."

தொலைபேசி எட்டாத ஆய்சென் பள்ளத்தாக்குகளுக்குச் செய்தி இப்படித்தான் வரும். சாவைச் சாவென்று வானொலியில் சொல்வதில்லை. கவலைக்கிடமாக இருப்பவருக்குப் பெரிய படகு எதற்கு? நோல்ஃபா அடுப்பிலிருந்து கெண்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைக்கத் துணி தேடினாள். துணி தோளிலேயே கிடந்தது.

ரொசமேல் பாரியாவுக்கு அறுபத்தெட்டு வயது. பத்தொன்பது வயதில் சீலோவே தீவிலிருந்து ஒரு ஜோடி மாடும் ஒரு ரம்பமுமாக வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவர், நோல்ஃபா செயலர். அவர் இடதுசாரி, அவள் வலதுசாரி. ஆனால் இருவரும் ஐந்து மேயர்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். மழையில் ஆறு ஏறிவிட்டால் பிரசவ வலி வந்தவளும் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும். நோல்ஃபாவின் கணவர் அப்படிக் காத்திருந்துதான் இறந்துபோனார்.

வாக்குச்சாவடியும் அக்கரையில்தான். ஒரு தேர்தலுக்கு முந்தின நாள் ரொசமேல் வந்தார்.

"டோன்யா நோல்ஃபா, உங்க ஓட்டு என் ஓட்டைத் தின்னுடும், என்னோடது உங்களதைத் தின்னுடும். எதுக்கு ரெண்டு பேரும் நனையணும்? பேசாம வீட்லயே இருந்துடுவோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் இருட்டோடு நோல்ஃபா துறைக்கு நழுவினாள். படகில் ஏற்கெனவே ஒருவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டுக்கு மருந்து வாங்கப் போறேன்," என்றார்.

"ஞாயித்துக்கிழமையா?"

"நீங்க எங்க?"

"பாவமன்னிப்புக்கு."

"அடேயப்பா. பாவத்தைப் பண்றதுக்கு முன்னாடியே குடுக்கறாங்களா அங்க?"

இந்த வருடம்தான் முதல்முறையாகப் பாலம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஆள் குடியிருக்கும் வீடு பன்னிரண்டு இருந்தால் பணம் தருவதாக மண்டல மன்றம் சொன்னது. எண்ணுவதற்கு நகராட்சியிலிருந்து மான்சீயா வந்தார். தண்ணீர் வெள்ளக்குறியைத் தாண்டினால் ஊழியர்கள் படகேறக் கூடாது என்பது விதி; அன்று தாண்டியிருந்தது. ஆகவே அவர் அக்கரை மேட்டில் நின்று, தொலைநோக்கியில் புகைபோக்கிகளை எண்ணினார். புகைந்தால் ஆள் இருக்கிறார்கள் என்று கணக்கு. இருந்ததென்னவோ பதினோரு வீடுதான். நோல்ஃபாவின் தம்பி எலியாசர் அர்ஜென்டினாவுக்குப் போனதிலிருந்து அவன் வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அன்று காலை அதிலும் புகை வந்தது.

"என் தம்பி வீட்ல யாரு அடுப்பு மூட்டினது?"

"தானா மூட்டிக்கிச்சு போல," என்றார் ரொசமேல். "வலதுசாரி வீடில்லையா, யார் உதவியும் கேக்காது."

"பொய்க் கணக்குல என் கையெழுத்து விழாது, டோன் ரொசமேல்."

விழவில்லை. செயலர் கையெழுத்து இல்லாததால் மறு எண்ணிக்கைக்கு நாள் குறித்தார்கள். நோல்ஃபா மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. அந்த மூன்றாவது வாரத்தில்தான் வீட்டுக் கொட்டகையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆறு இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குப் படகில் ஏற்றும்போது அவள் குனிந்து போர்வையை இழுத்துவிட்டாள்.

"பயப்படாதீங்க."

"எனக்கென்ன பயம். உங்க ஓட்டைத் தின்ன ஆளில்லாமப் போயிடுமேன்னுதான்."

மறு எண்ணிக்கைக்குக் குறித்த நாளும் அதே வெள்ளிக்கிழமைதான். தண்ணீர் இன்னும் வெள்ளக்குறிக்கு மேலேதான், ஆகவே இந்த முறையும் புகையைத்தான் எண்ணுவார்கள். பள்ளத்தாக்கே அவரைக் கொண்டுவரக் கிளம்பும். வீடுகளில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். விடியும்போது நோல்ஃபா வீடு வீடாகப் படியேறி இறங்கினாள்.

"ஈர விறகா வச்சுட்டு வாங்க. மத்தியானம் வரைக்கும் புகையணும்."

"எழவுக்குப் போறப்போ அடுப்பை அணைச்சுட்டுத்தானே போவோம்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இன்னிக்கு அணைச்சுப் பாரு, பெட்டியைத் திறந்துகிட்டு எழுந்து வந்து உன்னைத் திட்டுவார்."

தம்பி வீட்டுப் பூட்டைத் திறந்து அவளே அடுப்பு மூட்டினாள். கடைசியாக ரொசமேலின் வீடு. கதவுக்குப் பூட்டில்லை. மாத்தே இலைத் தேநீர் குடிக்கும் சுரைக்குடுவை ஜன்னலோரம் கவிழ்ந்திருந்தது. உள்ளே பிளந்த விறகு ஒன்றுகூட இல்லை. தரையில் உதிர்ந்திருந்த மரப்பட்டைகளைப் பொறுக்கிப் பற்றவைத்தாள். அது பிடித்துப் புகையும்வரை அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கரையில் வண்டி காத்திருந்தது. பெட்டியைப் படகில் இறக்கி வைத்தார்கள். மேட்டிலிருந்து மான்சீயா தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தார்.

"மன்னிக்கணும், டோன்யா. இன்னிக்குப் போய் இதைக் கேக்க வேண்டியிருக்கு. அந்தக் கோடியில மஞ்சக் கூரை, அது யாரு வீடு?"

"டோன் ரொசமேலோடது."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஆற்றுக்கு அப்பால் எழும் புகையைப் பார்த்தார்.

"உள்ள... ஆள் இருக்காங்களா?"

"இப்பத்தான் கூட்டிட்டுப் போறோம்."

மான்சீயா பேனாவை எடுத்துப் பன்னிரண்டு என்று எழுதித் தாளை நீட்டினார். அந்தப் படகில் சமமான இடம் வேறெதுவும் இல்லாததால், பெட்டியின் மூடிமேல் வைத்து நோல்ஃபா கையெழுத்திட்டாள்.

அடக்கம் முடிந்த மாலை, அடுப்பு அணைந்துவிட்டதா என்று பார்க்க அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். விறகு ஏதாவது இருக்குமா என்று பின்பக்கக் கொட்டகையையும் திறந்தாள். ஒரே ஒரு கட்டை கிடந்தது. பாதிதான் பிளந்திருந்தது. கோடாலி அதிலேயே இருந்தது.