நான் போகாத நாட்டில் என் போட்டோ

"அக்கா, நீங்க போய்ட்டு வந்த இடத்துக்குத்தான் நானும் போறேன். அவங்கள நம்பலாமா?"

வாலாஜாபேட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு நர்சிங் மாணவி, பேஸ்புக்கில் என் பெயரைத் தேடிப் பிடித்து எனக்கு அனுப்பிய செய்தி இது. நான் எந்த நாட்டுக்கும் போனதில்லை. காட்பாடியில் ரயில் ஏறி பெங்களூர் போனதுதான் நான் போன அதிக தூரம்.

அவள் அனுப்பிய லிங்கைத் திறந்தேன். என் முகம், என் பெயர். வெள்ளை ஏப்ரனும் கையுறையும் போட்டுக்கொண்டு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரிக்கிறேன். வெளிநாட்டு மருத்துவ முகாமில் மூன்று மாதம் தொண்டு செய்தேனாம். என் வாழ்க்கையே மாறிவிட்டதாம். நான் சொன்னதாகவே போட்டிருந்தார்கள், திருட்டுப் பயல்கள்.

எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வருகிற நாளில் எல்லோருக்கும் புது ஏப்ரன், கையுறை, மாஸ்க் கொடுப்பார்கள். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். அப்படி ஒரு நாளில் எடுத்த போட்டோ அது. அதை அந்தத் திருட்டுப் பயல்களுக்கு அனுப்பியதும் நான்தான்.

வெளிநாட்டில் குழந்தைகளுக்குச் சேவை செய்ய ஆள் தேவை என்று நெட்டில் பார்த்து விண்ணப்பித்தேன். அவர்கள் என்னைக் குடைந்து எடுத்தார்கள். சர்டிபிகேட் கேட்டார்கள், வீடியோவில் பேட்டி எடுத்தார்கள், ஏன் வர விரும்புகிறாய் என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். அதனால்தான் நம்பினேன். கம்பெனியில் பழகிய புத்தி. அங்கே கேள்வி கேட்டுச் சோதிக்கிறவன் சரியான ஆள், மறைப்பதெல்லாம் பதில் சொல்கிற நாங்கள். பாஸாகும் அவசரத்தில் நான் அவர்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள்.

பக்கத்து டேபிள் தோழி கத்தினாள். "இன்னாடி, யாரு எவன்னே தெரியாதவனுக்குப் பாஸ்போர்ட்டா? ஒரு ஷூவ நாலு வாட்டி திருப்பிப் பாக்குற. இவன ஒரு வாட்டி பாத்தியா?"

"உனக்குப் பொறாமை" என்றேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. ஆனாலும் ஆபீஸ் முகவரி கேட்டு அவர்களுக்கு எழுதினேன். அதோடு பதில் நின்றுபோனது. விட்டது சனி என்றிருந்தேன்.

மாணவிக்குப் போன் போட்டேன். "நான் போகவே இல்லம்மா. அது எங்க கம்பெனி போட்டோ."

"அப்ப அந்த கிளவுஸ், மாஸ்க்கு?"

"சாயங்காலமே திருப்பி வாங்கிக்கினாங்க."

அவள் குரல் மாறியது. "பொறாமையில சிலபேர் தப்பா சொல்வாங்கன்னு அவங்க முன்னாடியே சொன்னாங்கக்கா."

தோழியிடம் நான் சொன்ன அதே வார்த்தை.

"பாஸ்போர்ட் அனுப்பிட்டியா?"

"நாளைக்கு அனுப்பணும்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று வீடியோ கால் போட்டேன். பசையும் சாயமும் ஏறிய வெறும் கையைக் காட்டினேன். தோழி தலையை நுழைத்தாள். "இவளா மூணு மாசம் ஃபாரின்ல இருந்தா? மூணு நாள் லீவு போட்டாலே எங்க சூப்பர்வைசரு குதிப்பாரும்மா!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சாயங்காலம், "அனுப்பலக்கா" என்று மட்டும் செய்தி வந்தது.

என் போட்டோவை நீக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதினேன். என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நேற்று தோழியின் போனில் பார்த்தேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே வேறு யாரோ ஒருத்தி, நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். தாராளமாகப் போகலாம் என்று என் பெயரில் பதில் இருக்கிறது.