கிருபாராணி கட்டிய பழைய சிஸ்டம்

கிருஷ்ணகிரிக்கு வெளியே உள்ள அந்த மாங்கூழ் ஆலையில் எந்தக் கம்ப்யூட்டருக்கு நோவு வந்தாலும் கூப்பிடுவது கிருபாராணியைத்தான். நாகரசம்பட்டிக்காரி, வயது நாற்பத்திரண்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயப் பற்று வைத்தவள். பாலிடெக்னிக்கில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் தானாகக் கற்றது.

போன ஜூனில், மாம்பழ லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்ற ஒரு காலையில், டின் நிரப்பும் மிஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இருபது வருஷப் பழசு. ஹார்ட் டிஸ்க் போயே போய்விட்டது. நிரப்பும் புரோகிராம் சிடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அது அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். அந்தச் சிஸ்டத்தின் மூலநிரல் மட்டும் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது.

"என் லேப்டாப்லயே கட்டி இதுல ஏத்திடறேன் சார்" என்றாள்.

"சீக்கிரம்மா, பழம் அழுவுது" என்றார் மேலாளர் ராஜசேகர்.

ஏற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். புது லேப்டாப்போ பழைய நிரலை மதிக்கவே இல்லை. நிரலைப் படித்து இயங்கும் சிஸ்டமாக மாற்றித் தரும் கம்பைலருக்கு, இருபது வருஷத்துக்கு முந்தைய எழுத்தெல்லாம் குற்றமாகத் தெரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள்! கெஞ்சித் திருத்தியதில் முந்நூறு ஆனது. ஒன்றைத் திருத்தினால் வேறு மூன்று முளைத்தன. டீ ஆறிப்போனது. அப்போதுதான் பொறி தட்டியது: புதுக் கம்பைலரை வைத்து முதலில் அந்தக் காலத்துக் கம்பைலரைக் கட்டினால் என்ன? அந்தப் பழசு தன் காலத்துச் சிஸ்டத்தைத் தானே கட்டிக்கொள்ளாதா?

கட்டிக்கொண்டது! திரையில் வரிகள் ஓட ஓட, அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அடுத்த சிக்கல், அதை எதில் ஏற்றுவது? இப்போது விற்கும் டிஸ்க் எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் சேராது. பழைய கேமராவில் போடும் தடித்த மெமரி கார்டு, ஒரு சின்ன இணைப்பி இருந்தால் அதில் சேரும். இணைப்பி அவள் மேஜையிலேயே இருந்தது. மிஷின் ஓட்டும் திம்மப்பன் பைக்கில் பறந்து, ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கார்டை இரவல் வாங்கி வந்தான்.

"உள்ள மூணு கல்யாணம் இருக்குது மேடம். அழிச்சிட்டா ஸ்டுடியோ அண்ணன் என்னைக் கொன்னுடுவாரு!"

மூன்று கல்யாணங்களையும் லேப்டாப்பில் பத்திரப்படுத்திவிட்டு, கார்டைத் துடைத்து, சிஸ்டத்தையும் புரோகிராமையும் ஏற்றினாள். முதல் தடவை கறுப்புத் திரை. கார்டைக் கழற்றி அழுத்திச் செருகினாள். பச்சை எழுத்துகள் கடகடவென்று இறங்கின. மிஷின் ஒரு உலுக்கு உலுக்கி, முதல் டின்னில் கூழை ஊற்றியது. எடை ஒரு கிராமும் பிசகவில்லை.

"ஆய்த்து மேடம், ஆய்த்து!" என்று வீட்டுக் கன்னடத்திலேயே கத்தினான் திம்மப்பன். ராஜசேகர் கை தட்டினார். கிருபாராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் எபினேசருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஏந்துகிச்சுங்க!"

"யாரு? யாருக்கு என்னா ஆச்சு?" அவர் பதறினார்.

பதில் சொல்ல வாய் திறந்தால் சிரிப்புதான் வந்தது. கண்ணில் நீர் வழிய, போனைத் திம்மப்பனிடம் நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம் நல்லாத்தான் இருக்காங்க சார்" என்றான் அவன். "மிஷினுதான் பொழைச்சுகிச்சு."

வாசலில் முதல் லாரி உள்ளே திரும்பியது.