தீச்சட்டி எடுத்த கை

நான் வட்டு எறிந்தவள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. பத்து பாகாட் நகரில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதானால் அரிசி மூட்டையை நானே தூக்கிக்கொண்டு மேலே ஏறுவேன். அப்போதுதான் என் தோளைக் கவனிக்கிறார்கள்.

யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா முகம் நினைவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவோடு பால்மரம் வெட்டப் போனேன். கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, தோளில் சுமந்து வளர்ந்த உடம்பு. தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் சும்மா எறிந்து பார் என்று வட்டைக் கொடுத்தார்கள். அது திடலைத் தாண்டி லாலான் புல்லில் போய் விழுந்தது. அளக்க வந்திருந்த பள்ளிக்கூட மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்.

"பிள்ளை, இன்னொருக்கா எறி பாப்பம்" என்றார்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் காரில் வந்து பழக்கினார். மாவட்டத்தில் ஜெயித்தேன். அடுத்தது ஜோகூர் பாருவில், மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கிற தேர்வு.

மாவட்டத்தில் ஜெயித்தால் மகள் தீச்சட்டி எடுப்பாள் என்று அப்பா மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார். எனக்கு அது பிறகுதான் தெரியும். திருவிழாவோ தேர்வுக்கு முந்தின வாரம் வந்து நின்றது.

"தேர்வு முடிஞ்சி எடுக்கட்டுமாப்பா?"

"குடுத்தவகிட்டயே தவணை கேப்பியா? சுத்தமா இருந்தா சுடாதும்மா."

சுத்தமாகத்தான் இருந்தேன். விரதத்தில் ஒரு குறை வைக்கவில்லை. வேப்பிலையை அணையாகக் கொடுத்து, எரிகிற சட்டியைக் கையில் தாங்கி லயத்து வீடுகளைச் சுற்றி வந்தேன். கோயில் வாசலில் சட்டி சரிந்தது. வலது கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கீழே போட்டால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும்.

ஆள்காட்டி விரலில் கொப்புளம். துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டேன். அப்பா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்மவ கையில ஒரு செவப்பு கூட இல்ல, பாத்தீங்களா?"

வட்டு கையை விட்டுப் போகும்போது கடைசியாகத் தொடுவது அந்த விரல்தான். அது தள்ளாவிட்டால் வட்டு சுழலாது. தேர்வில் முதல் எறி பக்கத்திலேயே விழுந்தது. அடுத்தது வலையில் இடித்தது. கடைசி எறியில் கொப்புளம் உடைந்தது. வட்டு கோட்டுக்கு வெளியே போனது.

"என்ன பிள்ளை, கைக்கு என்ன? காட்டு."

"ஒண்ணுமில்ல மாஸ்டர்."

சாமிக்கு எடுத்த கை வெந்துவிட்டது என்று வேதக்காரரிடம் எப்படிச் சொல்வது? அது தோட்டத்துக்குத் தெரிந்தால், என்னைப் பற்றி என்னவெல்லாம் கேட்பார்கள்?

"சனத்தைக் கண்டு பயந்திட்டாய் போல."

துண்டால் விரலைச் சுற்றிக்கொண்டு காரில் ஏறினேன். அதன் பிறகு அவர் பழக்க வரவில்லை.

பிறகு பத்து பாகாட்டில் துணி ஆலை வேலை. ஆலை விளையாட்டு விழாவில் வருடா வருடம் நான்தான் முதல். பரிசாக வந்த பிளாஸ்குகளை வைக்க வீட்டில் இடமில்லை.

"தள்ளி நில்லுங்கடி, அக்கா எறிஞ்சா கேன்டீன் கூரை போயிரும்லா" என்று பெண்கள் கத்துவார்கள். முட்டி தேயும் வரை எறிந்தேன்.

அப்பா சாகும்வரை, வீட்டுக்கு வந்தவர்களிடம் என் தீச்சட்டிக் கதையைச் சொன்னார். முடிவில் மறக்காமல் ஒன்று சேர்த்துக்கொள்வார்: "அம்மன் காப்பாத்துனா. ஆனா வட்டு எறியறதுல பெருசா ஒண்ணும் வரல."

அதைக் கேட்டுக்கொண்டே அவருக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறேன். அவர் வார்த்தையைப் பொய்யாக்க மனம் வரவில்லை. மாஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்துப் பயந்த பெண் என்றே என்னை நினைத்துக்கொண்டு போயிருப்பார். நான் பயந்தவள் இல்லை. விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். என் உண்மையான எறி எது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.