வாடியும் உதிராத மரமும் சித்தப்பாவும்

என் சித்தப்பா மரங்களுக்குச் சிவப்பு வளையம் போடுகிறவர். அவர் இன்று போட்டால் நாளை ரம்பம் வரும். இருபத்தாறு வருடம் தெருமரங்களைப் பார்த்துவிட்டு, போன வருடம்தான் எங்கள் தாவரத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்தார். அங்கே பெயர்ப்பலகைகளுக்குத் தட்டச்சு செய்வது என் வேலை. அவருக்கு அங்கே 'டாக்டர்' என்று பட்டம். "கைராசிக்காரர், தொட்டா ஒண்ணும் பிழைக்காது" என்பார் காவல்காரர்.

சித்தப்பாவுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். உயிருள்ள மரம் குளிர்காலத்தில் இலையை உதறிவிடும். செத்த மரத்துக்கு அந்தத் தெம்பு இருக்காது. இலை காய்ந்து கிளையிலேயே தொங்கும். ஒடிந்த கிளையைப் பார்த்தாலே தெரியுமே என்பார்.

அந்தத் திங்கட்கிழமை, குளத்தோரம் நின்ற ஒரு மரத்துக்கு வளையம் போட்டுவிட்டு, அதன் பலகையைக் கழற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"பட்டியல்ல இருந்து எடுத்துடு பாப்பா."

பலகையில் மரத்தின் பெயருக்குக் கீழே, பெயின்ட் உரிந்து நடுவில் எழுத்து அழிந்துபோய், சின்னதாக ஓர் ஆங்கிலச் சொல். நான் அதுவரை பார்த்திராத சொல். அழிந்த இடத்தில் எஸ் போட்டு அகராதியில் தேடினேன், இல்லை. சி போட்டேன், இல்லை. கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன: மார்செசென்ட்.

"வாடினாலும் உதிராததுன்னு அர்த்தமாம் சித்தப்பா. இலை காஞ்சாலும் மரத்துலயே இருக்குமாம். அதோட சுபாவமே அப்படியாம்."

"செத்துக் கிடக்கறதுக்குப் பேரு சுபாவமா?" என்று சிரித்தார்.

சொல் பிறந்த கதையும் அடியில் இருந்தது. லத்தீனில் 'வாடத் தொடங்குவது'. அதையும் படித்துக் காட்டியது என் தப்பு.

"பாத்தியா? வாட ஆரம்பிச்சிடுச்சுன்னு உன் புஸ்தகமே சொல்லுது."

"அது சொல் வந்த வழி சித்தப்பா. அர்த்தம் வேற."

"வந்த வழி ஒண்ணு, அர்த்தம் வேறொண்ணா? நல்ல குடும்பம்!"

எனக்கே குழம்பிவிட்டது. சாவு என்றாலும் அதே காய்ந்த இலை, சுபாவம் என்றாலும் அதே காய்ந்த இலை. பார்த்து எப்படிப் பிரிப்பது?

சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "போன வருஷம் இதுக்குப் பக்கத்துல ஒண்ணு வெட்டினோமே. அதுவும் இதே ஜாதியா?"

பட்டியலைப் புரட்டினேன். அதே பெயர்தான். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

ஏணியை எடுத்துக்கொண்டு போனார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். ஒரு குச்சியை நகத்தால் சுரண்டினார், உள்ளே பச்சை. அடுத்தது பழுப்பு. மூன்றாவது மறுபடியும் பச்சை.

"ஒண்ணு இருக்கேங்குது, ஒண்ணு இல்லேங்குது. எதை நம்பறது?" என்றவர், போன வருடம் வெட்டியதன் அடிக்கட்டையை மேலிருந்தே பார்த்தார். "அதை நான் சுரண்டிக்கூடப் பாக்கல பாப்பா."

மறுநாள் ரம்பத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். சிவப்பின் மேல் பழுப்பு பெயின்ட் அடித்தார். பட்டையின் நிறத்தோடு அது சேரவில்லை. வளையம் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. "டாக்டரே, பொணத்துக்குக் கட்டுப் போட்டாச்சா?" என்றார் காவல்காரர். சித்தப்பா ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் குளத்துப் பக்கக் கிளைகளில் மரம் மொட்டு விட்டு, பழைய இலைகளைத் தள்ளியது. மறுபக்கம் அப்படியே காய்ந்து நின்றது. சித்தப்பா பலகையைத் திரும்ப மாட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த அடிக்கட்டையைக் காட்டி, "இதுக்கும் ஒரு பலகை அடிச்சுக் குடு" என்றார்.

"என்ன போடறது சித்தப்பா? செத்ததுன்னா, வெட்டினதுன்னா?"

அடிக்கட்டையின் மேல் விழுந்து கிடந்த இலையைத் தட்டிவிட்டார்.

"பேரும் அந்தச் சொல்லும் போடு. மத்தது எனக்குத் தெரியல."