டார்கெட்டுக்கு ஓர் ஆள்

டார்கெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் சின்னக் கேடயம் என்று பொருளாம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடித்த அகராதியில் பார்த்தேன். முதலில், கையில் பிடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் கேடயம். பிறகு, அம்பு எய்து பழக நட்டுவைக்கும் வட்டப் பலகை. கடைசியில்தான், எட்டியே தீரவேண்டிய எண்ணிக்கை. எனக்கு அந்தக் கடைசிப் பொருள்தான் முதலில் அறிமுகமானது.

எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில், விசைத்தறிக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆளுக்கொரு கேஸ் பிடித்துவரச் சொன்னார்கள். அதுதான் எங்கள் டார்கெட். பிடிக்காதவனைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிப்பார்கள் என்று பேச்சு. பெரிய பெரிய வாத்தியார்களெல்லாம் டீக்கடை டீக்கடையாக ஆள் தேடினார்கள்.

எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள். நானே போய்ப் படுத்திருக்கலாம். பயந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் அப்பா தறி ஓட்டுகிறவர். என்மேல் அவருக்குத் தேவையில்லாத மரியாதை. கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"ஒங்க வேலைக்கு ஆபத்துன்னா நான் வாரேன் சார். எங்களுக்கு இந்த ஒண்ணு போதும்" என்றார்.

ஆனால் இரண்டு பிள்ளைகளாவது இருந்தால்தான் முகாமில் சேர்ப்பார்கள். அங்கே ஒருவரும் வீடு தேடி வந்து எண்ணப்போவதில்லை. படிவத்தில் பிள்ளைகள் இரண்டு என்று நானே எழுதினேன். இல்லாத பிள்ளைக்கு ஒரு பெயரும் மூன்று வயதும் போட்டேன்.

மறுவாரம், முகாமில் கொடுத்த பிளாஸ்டிக் வாளியோடு அவர் காலை அகட்டி மெல்ல நடந்துவந்தார். பக்கத்தில் வந்த மனைவியிடம், "சார் நமக்கு ரெண்டாவது பிள்ளைக்கிப் பேரே வச்சிட்டாரு, தெரியுமா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னை யாரும் எங்கும் மாற்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தச் சிறுமிக்கு மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை கொடுத்துப் பார்த்துவிட்டு, முற்றிய பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடலாகத்தான் திரும்பினாள். அன்று அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன், போனேன். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, அந்த நிலையிலும், உட்கார இடம் காட்டினார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மனைவிதான் தலையை நிமிர்த்தினாள். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே கேட்கிறவளைப்போல் கேட்டாள்.

"ரெண்டு பிள்ளைன்னு எழுதுனியளே சார். ஒண்ணு போயிட்டு. இன்னொண்ணு எங்க இருக்கு?"