மைனஸ் இருபத்தைந்து பேர் வாழும் ஊர்

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மூச்சு வருகிறது, பசிக்கிறது என்று சொல்லாதீர்கள். கெர்கினாவுக்கும் மூச்சு வந்தது, பசித்தது. அதை எழுத அரசுப் படிவத்தில் இடம் இல்லை.

வடமேற்கு பல்கேரியாவின் ஸ்லிவோவ் தோல் என்ற எங்கள் ஊரில் இருக்கும் கெர்கினாவுக்கு அறுபத்தோரு வயது. மிளகாய் பதப்படுத்தும் ஆலையில் முப்பது வருடம் பாட்டில் எண்ணியவர். தன் விரல் வைத்து எண்ணாத எந்தக் கணக்கையும் நம்ப மாட்டார். சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, வாரம் மூன்று நாள் அக்கரையில் இருக்கும் நகர மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ். பாலம் இருந்தவரை நாலு கிலோமீட்டர். வெள்ளம் பாலத்தின் நடுப்பகுதியைக் கொண்டுபோன பிறகு, சுற்றிப் போனால் அறுபது. மருத்துவமனை வண்டி அவ்வளவு தூரம் வராது, அக்கரையில் நின்றுகொள்ளும்.

ஆகவே பக்கத்து வீட்டு ஸ்பிரிடோனின் டிராக்டர். அதன் முன்னால் இருக்கும் மண் அள்ளும் தொட்டியில் சமையலறை நாற்காலியைப் போட்டு, விசேஷத்துக்கு உடுத்தும் கோட்டோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கெர்கினா ஆற்றைக் கடப்பார். மார்ச்சில் பனி உருகித் தண்ணீர் ஏறினால் டிராக்டர் இறங்காது. போன மார்ச்சில் ஐந்து நாள் இறங்கவில்லை. ஆறாம் நாள் அவரைப் போர்வையோடுதான் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள்.

இந்தப் பிப்ரவரியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. இவ்வருட நிதி ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும். எது முதலில் என்று மக்களே சொல்லட்டும். நகர மண்டபத்தில் பலகை இருக்கும். வேண்டிய வேலையின் மேல் ஒட்டத் தலைக்கு மூன்று நீல ஸ்டிக்கர். வர முடியாத ஊருக்காக ஒருவர் வந்து மொத்தமாக வாங்கி ஒட்டலாம்.

பலகையில் இரண்டு வேலைகள்தான் பெரிதாகத் தெரிந்தன. ஒன்று, நகர நடுவில் போக்குவரத்து வட்டமும் அதில் இசைக்கு ஆடும் நீரூற்றும். அதன் மேல் அம்மை போட்டதுபோல் ஸ்டிக்கர்கள் இருந்தன. மற்றொன்று, பதினாலாம் எண், ஸ்லிவோவ் தோல் பாலம். அதில் ஒன்றுகூட இல்லை.

மேசையில் கலோயன் என்ற இளம் அதிகாரி இருந்தான்.

"எண்பத்தேழு பேரு, தம்பி. இருநூத்து அறுபத்தொண்ணு குடு," என்றார் கெர்கினா.

அவன் கோப்பைப் புரட்டினான். "பெரியம்மா, உங்க ஊருல மைனஸ் இருபத்தஞ்சு பேருதான் இருக்கீங்க."

"என்னது?"

"சோபியாவுல இருந்து வந்த நிபுணருங்க பாலத்துக்கிட்ட இருக்கிற பஸ் நிழற்குடையில மரண அறிவிப்பை எண்ணியிருக்காங்க. நூத்துப் பன்னெண்டு. எண்பத்தேழுல அதைக் கழிச்சுட்டாங்க."

எங்கள் ஊர்ப் பழக்கம் அவனுக்குத் தெரியாததல்ல. ஒருவர் இறந்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் படத்தோடு ஒட்டுவோம். நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், பிறகு வருடந்தோறும் மறுபடி ஒட்டுவோம். பழையதை யாரும் கிழிப்பதில்லை; மழைதான் கிழிக்கும்.

"என் புருஷன் மெத்தோதி ஒருத்தனே ஏழு தாளு. ஏழு தடவையா செத்தான்?"

"எங்க தாத்தாவுக்கு ஒம்பது இருக்கு. எனக்குப் புரியாதா? ஆனா இது ஒப்புதல் வாங்கின முறை." அவன் குரலைத் தாழ்த்தினான். "கறாராப் பார்த்தா உங்க ஊருதான் எங்களுக்கு எழுபத்தஞ்சு ஸ்டிக்கர் திருப்பித் தரணும்."

"அந்த இருபத்தஞ்சுல நான் எத்தனையாவது ஆளு, தம்பி?"

கலோயன் கோப்பின் பக்கங்களை மறுபடி புரட்டினான்.

"சரி, அந்த முறையைப் படி. மெதுவா."

படித்தான். பொது இடத்தில் பெயர், படம், தேதியோடு ஒட்டிய தாள் மக்கள்தொகை மாற்றத்துக்குச் சான்று. கறுப்புக் கரை என்றால் கழித்தல். மறு எண்ணிக்கை கேட்க உரிமை உண்டு.

"வேற நிறக் கரைன்னா?"

"அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. அப்போ... கூட்டல்தான்."

கணக்கு வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. இன்னொருவர் உட்கார்ந்து மாற்றலாம். கெர்கினா தொட்டியில் ஏறி ஊருக்குத் திரும்பினார். மறு எண்ணிக்கைக்குப் பத்து நாள்.

ஊர் முழுக்கத் தாள்களில் பச்சைக் கரை வரைந்தது. "கெர்கினா உயிரோடு இருந்து இன்றோடு நாற்பது நாள் என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்." பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வாழ்ந்த வருடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. "ஸ்பிரிடோன் இருக்கிறார். டிராக்டரும் நலம்." நிழற்குடை நிரம்பி, மின்கம்பங்கள் நிரம்பி, கிணறு, கோயில் கதவு, ஒரு பொறுமைசாலிக் கழுதை.

"என் கதவுல நீ ஒட்டினது கோணலா இருக்கு," என்றார் தன் வீட்டுக் கதவைப் பார்த்து ஸ்பிரிடோன்.

"உன் மூஞ்சியே கோணல்தான். எண்ண விடு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு. விரல் வைத்து எண்ணினார். நிபுணர்களும் அதையே எண்ணினார்கள்; மைனஸ் இருபத்தைந்தோடு அதைக் கூட்டி, மக்கள்தொகை ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது என்று முத்திரை குத்தினார்கள். கெர்கினா மண்டபத்துக்குப் போய் ஐயாயிரத்து அறுநூற்று முப்பத்தேழு ஸ்டிக்கர் வாங்கினார். பலகையில் இடம் போதாமல் சுவரிலும் ஒட்டினார். பதினாலாம் எண் முதலிடம்.

மறுநாள் முடிவு வந்தது. இவ்வளவு பெரிய ஊருக்கு ஒருவழிப் பாலம் விதிப்படி போதாது. நான்குவழிப் பாலம் வரைய மூன்று வருடம். அதுவரை நிதி நீரூற்றுக்கு.

கலோயன் அதைப் படித்துக் காட்டிவிட்டு விதிகளைப் புரட்டினான். பிறகு சொன்னான்: "ஆட்சேபம் எழுத ஒம்பது நாள் இருக்கு, பெரியம்மா. யாரு எழுதலாம்னு விதி சொல்லல. எந்த ஊர்க்காரரும் எழுதலாம்."

"செத்தவங்க?"

"அதையும் சொல்லல."

"அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம். இருக்கறவங்களே போதும்."

இன்று காலை தண்ணீர் டிராக்டரின் முன்சக்கர அச்சைத் தொட்டது. நாற்காலிக் காலும் நனைந்தது. இன்னும் நாலு விரல் ஏறினால் டிராக்டர் இறங்காது என்கிறார் ஸ்பிரிடோன். கெர்கினா அளந்துவிட்டு மூன்று என்கிறார். பனி இன்னும் முழுக்க உருகவில்லை.

அதனால் நீங்கள் ஒரு தாள் எடுங்கள். உங்கள் பெயர், தேதி, உயிரோடு இருப்பதாக ஒரு வரி. கரை என்ன நிறமானாலும் சரி, கறுப்பு மட்டும் வேண்டாம். அதன் கீழே எழுதுங்கள்: "பதினாலாம் எண். சிறிய பாலம் போதும். நீரூற்றுக்கு முன்னால் அதைக் கட்டுங்கள்." நாளைக்கென்று வைக்காமல் இன்றே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.