சம்பந்தி முகத்தில் முழிக்காத ஜன்னல்

சித்திரைப் புத்தாண்டு லீவில் ஊரே நுவரெலியாவுக்குப் போய், குளிரில் நடுங்குகிற மாதிரிப் படம் போடும். நான் எஹலியகொடைக்குப் போய் வெந்து வந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை, அம்மா அனுப்பினார். அவருடைய அண்ணன், என் மாமா, அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக மத்தியானத்தில் அம்மா போன் பண்ணினால், "நெருப்பு பத்த வச்சாச்சா?" என்று கேட்கிறாராம்.

"புத்தி தடுமாறிப்போச்சு. கையோட கூட்டிட்டு வந்துரு" என்றார் அம்மா. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு நாலாம் மாடி, இரண்டு அறை. அங்கே மாமாவைக் கொண்டுவந்து வைப்பது அவரைக் கூண்டில் போடுவதற்குச் சமம். இருந்தாலும் அவர் துணிமணிக்கென்று பெரிய பையாக எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: புறக்கோட்டையில் காலை ஆறரைக்கு இரத்தினபுரி பஸ் பிடித்தால் ஒன்பது மணிக்கு எஹலியகொடையில் இறங்கலாம். சுமார் எழுபது கிலோமீட்டர். ஜன்னல் சீட் கிடைத்தால் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ எழுநூறு ரூபா. கதை இலவசம்.

"யார் வீட்டுக்குங்க? ஓ, ஜன்னல் மூடுன வீடா!" என்றார் டிரைவர். "எதிர் லயத்துல ஒங்க மாமாவோட சம்பந்தி இருக்காருங்க. போன வருசம் திருவிழாவுல மொத மாலைய அவருக்குப் போட்டுட்டாங்க. அவரு மூஞ்சில முழிக்க மாட்டேன்னு ஒங்க மாமா ஜன்னல சாத்திட்டாரு. அவருக்கும் ரோசம் வந்து அவரு ஜன்னலயும் சாத்திட்டாரு. ரெண்டும் இன்னும் தொறக்கல."

வீட்டுக்குள் காலை வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மேலே தகரக் கூரை. பின்னால் குசினியில் அடுப்பு. மாலை மழைக்குப் பயந்து ஈரத்துணியெல்லாம் உள்ளே கொடியில். முன்கதவு, சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்திருந்தது. அந்தத் தட்டைக் கொண்டுவருவது மாமாவின் மகள் மகேஸ்வரி. எதிர்வீட்டு மருமகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாவம் அவள்தான் தபால்காரி.

எனக்குக் குழாய் திறந்த மாதிரி வேர்த்தது. மாமா கட்டிலில் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா புள்ள, எனக்கு வேர்க்கவே வேர்க்காது. எதிர்ல ஒருத்தன் இருக்கானே, அவனுக்குத் துண்டு நனையும்" என்றார் பெருமையாக. என்ன உடம்பு என்று நானும் வியந்து தொலைத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு மாமா என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "போயி நெருப்பப் போடு, சீட்டு கெட்டுரும்" என்று எழுந்தவர், தள்ளாடி அப்படியே கட்டிலில் சரிந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மகேஸ்வரி ஓடிப்போய்த் தோட்டத்து மருந்துக்கூடத்து நர்ஸ் மிஸ்ஸியைக் கூட்டிவந்தாள். சிங்களப் பெண். தமிழ் நம்மைவிட வேகம்.

மாமாவைப் பின்வாசலுக்கு வெளியே நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறினோம். மிஸ்ஸி உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட ஆட்டோவையும் நிறுத்தி வைத்தோம். ஒருவழியாக மாமா கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீ எப்ப வந்த? டீ குடிச்சியா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"சீயா, இன்னிக்கி எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார் மிஸ்ஸி. சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா.

"தாகமே எடுக்கலியே. காலையில அர கப் டீ."

"வயசானா ஒடம்பு தாகத்த ஒழுங்கா சொல்லாது. வேர்வையும் கொறையும். வர்ற கொஞ்சமும் இந்த ஈரக் காத்துல காயாது, அப்ப சூடு உள்ளேயே நிக்கும். அதுக்கு மேல பிரஷருக்குப் போடுற குளிசை தண்ணிய வெளிய தள்ளுது. குளிசைய நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேக்கணும். புத்தி போகல சீயா. ஒங்கள வேக வச்சிருக்கு இந்த வீடு. ஜன்னலத் தொறங்க."

"உசுரு போனாலும் தொறக்க மாட்டேன்."

"அப்ப கொழும்புக்குப் போங்க."

மாமா என் பெரிய பையைப் பார்த்தார். வாழ்க்கையில் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார். அப்போதுதான் மகேஸ்வரி தன் மாமனாரைப் பற்றி மெல்லச் சொன்னாள்: "அங்க மாமாவுக்கும் ரெண்டு நாளா தலசுத்துதுங்க மிஸ்ஸி."

மாமாவின் முகத்தில் அரை நிமிடம் சந்தோஷம். பிறகு அது எங்கேயோ போய்விட்டது. "அவரும் தண்ணி குடிக்கலியாமா?" என்றார். "ஒருத்தன்" எப்போது "அவர்" ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

இனி, யார் முதலில் திறப்பது? திருவிழாவின் முதல் மாலைப் பிரச்சினைதான் மறுபடியும். மிஸ்ஸி வெயில் தாழ்ந்ததும் இரண்டு லயத்துக்கும் நடு வாசலில் நின்று, இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லி, "எக்காய், தெக்காய், துனாய்!" என்று சிங்களத்தில் மூன்று வரை எண்ணினார். எதிர் ஜன்னல் படாரென்று திறந்தது. எங்களுடையது அசையவில்லை. ஈரத்தில் பலகை ஊதி இறுகிவிட்டது. மாமா தள்ளினார், நான் தள்ளினேன். சம்பந்தி தலையில் ஈரத்துணியோடு வேடிக்கை பார்த்தார். பொறுக்காமல் ஒரு கத்தியோடு வந்து வெளியே இருந்து நெம்பினார்.

ஜன்னல் பிய்ந்துகொண்டு திறந்தது. இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில்.

"என்னாங்க சம்பந்தி, இப்படி வேர்த்து ஊத்துது?" என்றார் மாமா.

"எனக்கு ஊத்துது. ஒங்களுக்கு ஒரு சொட்டு இல்லியே, அதாங்க பயமா இருக்கு."

மாமா தன் தண்ணீர் டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினார்.

வெயில் காலத்தில் வயசானவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பிஸ்கட் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள். ஈரத்துணியை வெளியே எடுங்கள். "தாகமா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். டம்ளரைக் கையில் கொடுத்து, குடிக்கும்வரை நில்லுங்கள். திடீரென்று பேச்சுத் தடுமாறினால் புத்தி போய்விட்டது என்று முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பெரிய பை காலியாகவே திரும்பியது. அம்மா திட்டினார். போன வாரம் மத்தியானம் மூன்று மணிக்கு மாமாவே போன் பண்ணினார். எனக்குப் பக்கென்றது.

"புள்ள, இன்னைக்கி எனக்கு வேர்த்துச்சு!"

"சம்பந்திக்கு, மாமா?"

"இந்தா, பக்கத்துலதான் இருக்காரு. என்னய விடக் கம்மிதான்."